சிவாலய ஓட்டத்துக்கு இன்னும் ஒன்பது வாரம்: முட்டுச் சிரட்டைக்குப் பின்னால் வலி

குலசேகரம் பால்வெட்டு | 14 டிசம்பர் 2025

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறேன். இரண்டு தோட்டம், மாறி மாறி வெட்டு. ஒரு நாளைக்கு 320 மரம். அதிகாலை நாலு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால், பால் எடுத்து உறை ஊற்றி ஷீட் அடித்து வீட்டுக்கு வர மதியம் ஆகிவிடும்.

என் மகள் 2023-இல் ஏழாம் மாதத்திலேயே பிறந்தாள். எடை ஒரு கிலோ முந்நூறு கிராம். 41 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான், மூன்று வருடம் சிவாலய ஓட்டத்தில், அதாவது சிவராத்திரிக்கு எங்கள் மாவட்டத்துப் பன்னிரண்டு சிவன் கோவிலுக்கும், ஓடி வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். 2024, 2025 இரண்டு வருடமும் போய்விட்டேன். வருகிற பிப்ரவரி 15 சிவராத்திரியோடு நேர்ச்சை முடிகிறது.

போன தடவை எந்தப் பயிற்சியும் செய்யாமல் போனேன். எட்டாவது கோவிலான மேலாங்கோட்டைத் தாண்டியதும் இரண்டு தொடையும் இறுகிவிட்டன. கடைசி நாலு கோவிலுக்கும் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன். இந்த வருடம் அப்படி ஆகக் கூடாது என்று கார்த்திகை முதல் நாளே பயிற்சியைத் தொடங்கினேன். முதல் வாரம் தினமும் 4 கிலோமீட்டர் ஓட்டம். இரண்டாவது வாரத்திலேயே 12 ஆக்கினேன். ஓட்டத்தில் வெறுங்கால்தானே, அதனால் பயிற்சியிலும் வெறுங்கால், தார் ரோடு. போதாததற்கு, தொடை பலப்படும் என்று யாரோ சொன்ன வீடியோவைப் பார்த்துத் தினமும் 200 தோப்புக்கரணம்.

பதினெட்டாம் நாள் வலது முட்டு பேசத் தொடங்கியது. எங்கள் தோட்டம் மலைச்சரிவில் தட்டுத் தட்டாக இருக்கும். ஏறும்போது வலி இல்லை. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு இறங்கும்போது, முட்டுச் சிரட்டைக்குப் பின்னால் யாரோ விரலை விட்டு அழுத்துவது போல் இருக்கிறது. தாழ்ந்த வெட்டு உள்ள மரத்தடியில் குந்தி உட்கார்ந்து எழுந்தால் கரகர என்று சத்தம் கேட்கிறது. பால் விழும் சிரட்டையைக் கம்பியில் நேராக வைக்காவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்து மரத்தோடு உரசும். என் முட்டுச் சிரட்டையும் அப்படித்தான் சாய்ந்து உரசுகிறது என்று தோன்றுகிறது. மார்த்தாண்டம் போகிற பஸ்ஸில் ஒரு மணிநேரம் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தால், இறங்கியதும் பத்து அடி நொண்டுகிறேன். வீக்கம் இல்லை. கீழே விழவும் இல்லை, அடி படவும் இல்லை.

ஒரு மருத்துவரிடம் காட்டினேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது. ஓட்டம், நடை எல்லாவற்றையும் விட்டுவிடு" என்றார். முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பத்து நாள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையில் முட்டில் மாட்டும் நீ கேப் ஒன்றைக் கையில் திணித்தார்கள். முறிவெண்ணெய் போட்டு உழிந்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமனார்.

என்னிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன. 36 வயதில் தேய்மானம் வருமா? எல்லாவற்றையும் நிறுத்துவதா, தொடர்வதா? ஒன்பது வாரத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கும் நிலைக்கு இந்தக் கால் வருமா? வேலையை விட முடியாது. இது நல்ல பால் கிடைக்கும் மாதம். பட்டவர்களும் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

தூத்தூர் எட்டாம் நம்பர் | 14 டிசம்பர் 2025

அண்ணா, நான் கால்பந்து ஆடுகிறவன். மருத்துவம் தெரியாது. என் முட்டுக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2019-இல் ஒரு திருவிழாப் போட்டி. பந்தோடு திரும்பினேன். பாதம் மண்ணில் பதிந்து நின்றது, உடம்பு மட்டும் சுழன்றது. உள்ளே ஏதோ நழுவியது போல் இருந்தது. அன்று ஆட்டத்தை முடித்துவிட்டேன். மறுநாள் காலையில் முட்டு பலாக்கொட்டை வேகவைத்தது போல் உப்பிக் கிடந்தது. ஒரு வாரம் ஓய்வு எடுத்துவிட்டு மறுபடி ஆடினேன். பிறகு ஒரு நாள் வள்ளத்திலிருந்து குதித்தபோது முட்டு பூட்டிக்கொண்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகும் எட்டு மாதம் எண்ணெய், கட்டு என்று ஓடியது. கடைசியில் ஸ்கேன் எடுத்தால் உள்ளே ஜவ்வு கிழிந்து மடிந்து கிடந்தது. சின்னத் துளை போட்டு ஆபரேஷன் செய்தார்கள். இப்போது ஆடுகிறேன். ஆனால் அந்த எட்டு மாதம் போனது போனதுதான்.

உங்கள் முட்டு இப்படிப் பூட்டிக்கொள்கிறதா? நடக்கும்போது சட்டென்று மடங்கிக் காலை வாரிவிடுகிறதா? ஒரு நாளாவது வீங்கியதா? மூன்றுக்கும் இல்லை என்றால் உங்களுடையது என் கதை இல்லை. ஒன்றுக்காவது ஆம் என்றால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் நாளைக்கே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

குலசேகரம் பால்வெட்டு | 15 டிசம்பர் 2025

தம்பி, மூன்றுமே இல்லை. இறங்கும்போதும் குந்தும்போதும் வலி, உட்கார்ந்து எழும்போது வலி. அவ்வளவுதான்.

தக்கலை பிசியோ | 16 டிசம்பர் 2025

தம்பி, 19 வருடமாகப் பிசியோதெரபி செய்கிறேன். சிவராத்திரி முடிந்த மறு வாரம் என் அறை வாசலில் காவி வேட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஒன்பது வாரம் முன்னதாகவே கேட்டிருக்கிறீர்கள். அதற்கே எனக்குச் சந்தோஷம். நேரில் பார்க்காமல் இதுதான் நோய் என்று யாரும் அடித்துச் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது நான் வாரம் நாலு பேரிடமாவது கேட்கும் கதை.

முழங்கால் மூடி தொடை எலும்பின் நுனியில் உள்ள ஒரு பள்ளத்தில் வழுக்கி ஏறி இறங்கும் எலும்பு. காலை எவ்வளவு மடக்கிப் பாரம் கொடுக்கிறோமோ, அவ்வளவு பலமாக அது பள்ளத்தோடு அழுந்தும். படி இறங்குவதும் குந்துவதும் அதனால்தான் வலிக்கின்றன. மடக்கியபடி நெடுநேரம் உட்கார்ந்தாலும் அதே கதைதான். உங்கள் சிரட்டை உவமை நன்றாக இருக்கிறது, பாதி உண்மையும்கூட. சிரட்டையைக் கம்பி பிடிப்பது போல இந்த மூடியைத் தொடையின் முன்பக்கத் தசை பிடித்திருக்கிறது. ஆனால் மூடி கோணிப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். அது பழகியதற்கு மேல் பாரம் வந்ததுதான் சங்கதி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சரிவில் 320 மரம் வெட்டுவது உங்கள் கால் பல வருடமாகப் பழகிய வேலை. அதன் மேல் பதினெட்டே நாளில் தினம் 12 கிலோமீட்டர் ஓட்டத்தையும் 200 தோப்புக்கரணத்தையும் ஏற்றினீர்கள். தசையும் நாணும் குருத்தெலும்பும் பாரத்துக்குப் பழகக்கூடியவைதான், ஆனால் அவை வாரக் கணக்கில் பழகும். நீங்கள் நாள் கணக்கில் கேட்டுவிட்டீர்கள்.

தேய்மானம் என்ற சொல்லை முதலில் மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருடைய எக்ஸ்ரேயிலும் அப்படிச் சிறு மாற்றங்கள் தெரியும். கரகர சத்தமும் வலியோ வீக்கமோ சேராதவரை ஒன்றும் இல்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்டு நடையை விட்டு, எடை கூடி, தொடை மெலிந்து, ஐம்பது வயதில் உண்மையிலேயே முட்டு கெட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். தோப்புக்கரணத்தை இன்றோடு விடுங்கள். ஓட்டத்தை இரண்டு வாரம் விடுங்கள். சமதளத்தில் ஒன்றுவிட்ட நாள் 3 கிலோமீட்டர் நடங்கள், செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு. வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை நீங்களே மார்க் போடுங்கள். நடக்கும்போது மூன்று வரை இருந்தால் பரவாயில்லை. ஆனால் மறுநாள் காலை எழுந்து திண்ணையிலிருந்து முதல் அடி இறங்கும்போது அது பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் முந்தின நாள் செய்தது அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்கேனும் இதை உங்களுக்குச் சொல்லாது. அந்தத் திண்ணைப் படியை நம்புங்கள்.

இனிப் பலப்படுத்துவது. எல்லோரும் முழங்காலையே பார்க்கிறார்கள். இடுப்பின் பக்கத் தசை தளர்ந்திருந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் உள்நோக்கிச் சரியும். வீட்டில் பெரிய கண்ணாடி இருந்தால் அதன் முன்னால் வலது காலில் மட்டும் நின்று லேசாக மடக்கிப் பாருங்கள். முழங்கால் பெருவிரலைத் தாண்டி உள்ளே போகிறதா? போகும் என்றே நினைக்கிறேன். அதற்கு இடது பக்கமாகப் படுத்து, மேலே இருக்கும் வலது காலை நேராக வைத்து, குதிகால் சற்றுப் பின்னால் இருக்க, மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. இடுப்பின் பக்கவாட்டில், பின்பாக்கெட் விளிம்பு வரும் இடத்தில் எரிய வேண்டும். முன் தொடையில் எரிந்தால் கால் முன்னால் வந்துவிட்டது என்று பொருள். பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி, இடுப்பை உயர்த்தி ஐந்து எண்ணும் வரை நில்லுங்கள். மூன்றாவது, ஒரு காலை மடக்கி வைத்து மற்றதை நேராக நீட்டி ஒரு முழம் உயர்த்துவது. இந்த மூன்றும் வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு காலுக்கும். வலி இல்லாத காலை விட்டுவிடாதீர்கள்.

பத்து நாள் கழித்து ஒரு செங்கலைப் படுக்க வைத்து அதில் ஏறி இறங்கத் தொடங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் மருந்து. மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். அது எளிதானால் இரண்டு செங்கல்.

வெட்டு வேலையில் ஒரு மாற்றம் செய்யுங்கள். தாழ்ந்த வெட்டுக்கு முழுக்கக் குந்தாமல், ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து இடுப்பிலிருந்து குனியுங்கள். மரத்துக்கு மரம் காலை மாற்றுங்கள். இறங்கும்போது அடியைச் சின்னதாக வையுங்கள்.

வலி கூடிய நாளில் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம். மாமனார் சொன்ன முறிவெண்ணெயை இதமாகத் தடவுவதில் குற்றம் இல்லை. மூடியின் மேல் கட்டைவிரலை ஊன்றி அழுத்தி உழிவது மட்டும் வேண்டாம். நீ கேப் கொஞ்சம் தைரியம் கொடுக்கும், அவ்வளவுதான், இறுக்கிக் கட்டாதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்கோ ஓட்டத்துக்கோ போவது கூடவே கூடாது. வலி நமக்குச் சொல்ல வருவதை அது மறைத்துவிடும். தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கக்கூடும். இரவெல்லாம் வியர்த்து ஓடுகிறவர்கள் வழியில் யாரோ நீட்டும் மாத்திரையை வாங்கி விழுங்குவதை நினைத்தால் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இந்த வலி குறைய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்பது என் அனுபவம். அதனால் பிப்ரவரியில் சுத்தமாக வலி இருக்காது என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். நடந்து முடிக்கும் நிலைக்கு வரலாம் என்று நம்புகிறேன். மூன்றாம் வாரத்திலிருந்து தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஜனவரி கடைசியில் ஒரு நாள் 15 முதல் 20 கிலோமீட்டர். கடைசிப் பத்து நாள் குறைத்துவிட வேண்டும். இடையில் வீக்கமோ, அந்தத் தம்பி சொன்ன பூட்டோ, ஓய்வில் இருக்கும்போதும் இரவில் எழுப்பும் வலியோ வந்தால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி எலும்புப் பிரிவில் காட்டுங்கள். காய்ச்சலோடு முட்டு சிவந்து சுட்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

கோபாலா கோவிந்தா | 17 டிசம்பர் 2025

மக்களே, நான் 1987-இல் முதல் தடவை போனேன். இதுவரை 26 தடவை. எனக்கு இப்போது 61 வயது.

டாக்டரம்மா சொன்னதில் சேர்க்க எனக்கு ஒன்றும் இல்லை. வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர்தான் ஓட்டம். முதல் கோவிலான திருமலையில் தீபாராதனை முடிந்ததும் இளவட்டங்கள் சுவாமிக்கு வீசும் விசிறியைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். நீ பறக்காதே. திக்குறிச்சி தாண்டி அருமனை, களியல் வழியாகத் திற்பரப்பு வரை போகும் பாதை நீளம். அங்கேதான் முதல் வேகத்தின் வட்டியைக் கால் கேட்கும். திக்குறிச்சியும் திற்பரப்பும் ஆற்றங்கரைக் கோவில்கள். குளிக்க இறங்கும் படியில் நேராகக் குதிக்காமல், பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர இறங்கு. இருட்டில், ஈரத்தில், நூறு பேர் பின்னால் நெருக்குவார்கள். நெருக்கட்டும்.

ஈர வேட்டி தொடையில் அறுக்கும். தேங்காய் எண்ணெயை முதல் கோவிலிலேயே தடவிவிடு. தொடை அறுந்தால் நடையை அகட்டி வைப்பாய், அந்தக் கோணல் நேராக முட்டில்தான் போய் இறங்கும். வழியெல்லாம் பானகமும் சுக்குக் காப்பியும் கஞ்சியும் கொடுப்பார்கள். வேண்டாம் என்று தாண்டிப் போகாதே. கஞ்சியில் உப்புப் போட்டுக் குடி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு கோவிலுக்கும் வருகிறேன் என்றுதான் நீ நேர்ந்தாய். இத்தனை மணிக்குள் என்று நேரவில்லை. 2009-இல் கல்குளத்தில் என் கணுக்கால் பிசகியது. மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தனியாக நடந்து, சிவராத்திரி அன்று இரவு வெகுநேரம் கழித்துத்தான் கடைசிக் கோவிலான திருநட்டாலம் போய்ச் சேர்ந்தேன். நடை திறந்துதான் இருந்தது. மற்ற 25 தடவையும் மறந்து போகலாம், அந்த ஒரு தரிசனம் மறக்காது.

குலசேகரம் பால்வெட்டு | 25 ஜனவரி 2026

ஆறு வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கண்ணாடி முன் நின்று பார்த்தேன். அக்கா சொன்னது போலவே வலது முழங்கால் உள்ளே சரிந்தது. பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சியில் முதல் நாள் எட்டுக்கு மேல் முடியவில்லை. பத்து வருடமாக மலை ஏறி இறங்குகிறவனுக்கு எட்டு! இப்போது மூன்று சுற்றும் முடிகிறது. நான் படுத்தால் மகளும் ஓடி வந்து பக்கத்தில் படுத்துக் காலைத் தூக்குகிறாள். எண்ணுவது அவள்தான். ஏழு வந்தால் அடுத்தது பத்து.

நேராகவே குணமாகிவிடவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் வலி ஒன்றுக்கு வந்ததும் ஆசை மிஞ்சி 8 கிலோமீட்டர் ஓடிவிட்டேன். மறுநாள் திண்ணைப் படியில் ஆறு. மூன்று நாள் கழித்துத்தான் பழையபடி இறங்க முடிந்தது. அதற்குப் பிறகு படி சொல்வதைத்தான் கேட்கிறேன்.

குந்துவதை விட்டு இடுப்பிலிருந்து குனிந்து வெட்டுவதற்கு ஒரு வாரம் கை வரவில்லை. பட்டையில் இரண்டு இடத்தில் காயம் பட்டு முதலாளியிடம் பேச்சு வாங்கினேன். பிறகு பழகிவிட்டது. தோட்டத்தில் இலை உதிரத் தொடங்கிப் பால் குறைந்துவிட்டது. வியாழக்கிழமையோடு வெட்டு நின்றுவிட்டது. முட்டுக்கும் அது ஓய்வு.

இன்று கோபாலா கோவிந்தா ஐயாவே என்னை அழைத்துப் போனார். திற்பரப்பில் தொடங்கித் திருநந்திக்கரை, அங்கிருந்து பொன்மனை. போகும் வழியில் ஏற்ற இறக்கம் நிறைய. இறக்கம் வரும்போதெல்லாம் என் தோளைத் தட்டி "சின்ன அடி, சின்ன அடி" என்றார். பொன்மனையில் வலிக்கு இரண்டு மார்க் போட்டேன். வீட்டுக்கு வந்து ஐஸ் வைத்திருக்கிறேன். நாளைக் காலை படி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

அக்கா, ஒரு சந்தேகம். இதுவரை ஷூ போட்டுத்தான் நடந்தேன். ஓட்டத்தில் வெறுங்கால். எப்போதிலிருந்து கழற்றலாம்?

தக்கலை பிசியோ | 26 ஜனவரி 2026

இன்று முதல் கழற்றலாம், ஆனால் மண் தரையில் மட்டும். முதலில் கால் மணி நேரம், அடுத்த வாரம் அரை மணி நேரம். தார் ரோட்டில் நடப்பது கடைசி வாரம் ஒரு நாள் போதும். பாதத்தில் வெடிப்பு இருந்தால் இப்போதே எண்ணெய் போட்டு ஆற்றிவிடுங்கள். காலை படி என்ன சொன்னது?

குலசேகரம் பால்வெட்டு | 26 ஜனவரி 2026

ஒன்று, அக்கா.

கோபாலா கோவிந்தா | 26 ஜனவரி 2026

14-ஆம் தேதி மூன்று மணிக்குத் திருமலைக் கோவில் வாசலில் நிற்பேன். விசிறி வாங்காதே மக்களே, என்னிடம் இரண்டு இருக்கிறது.